வெளிநாட்டு எலக்டிவ் போக நினைக்கும் மதுரை மருத்துவ மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எலக்டிவ் என்பது படிக்கும்போதே சில வாரம் வேறொரு மருத்துவமனையில் விரும்பிய துறையில் பயிற்சி பெறுவது. மார்க் குறைந்ததால் வெளிநாட்டு எலக்டிவ் கிடைக்காமல் போன ஜூனியர்கள், எனக்குத் தெரிந்து, மிகக் கொஞ்சம். மூன்றாவது ஹெபடைட்டிஸ் பி ஊசியைப் போடாமல் விட்டவர்கள், பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஒரு மாதிரியும் மார்க் ஷீட்டில் இன்னொரு மாதிரியும் இருந்து திண்டாடியவர்கள், டீன் ஆபீஸில் கையெழுத்து வாங்கி வருவதற்குள் கடைசித் தேதியைக் கோட்டைவிட்டவர்கள், இவர்கள்தான் அதிகம். எந்த நாடு, எந்த யுனிவர்சிட்டி என்பதையெல்லாம் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் முடிவு செய்துவிடலாம். காகிதங்கள் அப்படி வராது. எனவே இந்த வழிகாட்டியில் மெதுவாக வரும் காகிதங்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மதுரை மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர் அரசுக் கல்லூரிகளில் இருப்பவர்களுக்கும் சுற்றுவட்டாரத் தனியார் கல்லூரிக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆபீஸ் நடைமுறைதான் கொஞ்சம் மாறும்.

முதல் படி: கை வைக்கப் போகிறீர்களா, பார்க்கப் போகிறீர்களா?

எலக்டிவ் என்றால் நீங்கள் இன்னும் மாணவர். மேற்பார்வையில் ஹிஸ்டரி எடுக்கலாம், பரிசோதிக்கலாம், ரவுண்ட்ஸில் கேஸ் ப்ரசன்ட் பண்ணலாம். அப்சர்வர்ஷிப் என்றால் ஓரமாக நின்று பார்ப்பது மட்டும். பட்டம் வாங்கியவர்கள் பிரிட்டனில் செய்யும் கிளினிக்கல் அட்டாச்மெண்டும் ஏறக்குறைய இதே கதைதான். பட்டம் கைக்கு வந்த பிறகு பெரும்பாலான பெரிய மருத்துவமனைகள் அப்சர்வர்ஷிப்தான் தரும். இரண்டுக்கும் சர்டிஃபிகேட் கிடைக்கும். வீட்டில் ஃப்ரேம் போட்டு மாட்டினால் வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவப் பயிற்சிக்கு, ஆள் எடுக்கும் புரோகிராம் டைரக்டருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பெரியாஸ்பத்திரி (மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை) காஷுவாலிட்டியில் ராத்திரி முழுக்கத் தையல் போட்டு, ரத்தம் எடுத்து, ரைல்ஸ் ட்யூப் போட்டுப் பழகிய கை அங்கே போய்ச் சும்மா இருக்கும். ‘நம்மூர்லயே இதைவிட அதிகம் செஞ்சோமே’ என்று முதல் வாரத்திலேயே சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கைவேலை கற்க வெளிநாடு தேவையே இல்லை, அதற்கு இங்கே இருப்பது போன்ற இடம் அங்கே கிடையாது. அங்கே கற்க வேண்டியவை வேறு. கெட்ட செய்தியை நோயாளியிடம் உட்கார்ந்து எப்படிச் சொல்கிறார்கள், வேண்டாம் என்று ஒரு டெஸ்ட்டை எந்தக் காரணத்துக்காக விடுகிறார்கள், டிஸ்சார்ஜ் ஆன பிறகு அந்த நோயாளியை யார் தொடர்ந்து பார்க்கிறார்கள், கேஸ் நோட்டில் ஒரு முடிவுக்கான காரணத்தை எப்படி எழுதுகிறார்கள். ஏன் போகிறேன் என்பதை இரண்டே வரியில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வரவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். அந்த இரண்டு வரிதான் பிறகு பர்சனல் ஸ்டேட்மெண்டிலும் விசா இன்டர்வியூவிலும் உங்களுக்குக் கை கொடுக்கும்.

இரண்டாம் படி: எப்போது போவது?

தேசிய மருத்துவ ஆணையத்தின் (என்.எம்.சி) பாடத்திட்டத்தில் மூன்றாம் ஆண்டு பார்ட் ஒன் தேர்வுக்குப் பிறகு எலக்டிவ் என்று ஒரு காலம் இருக்கிறது. 2019-ல் வந்த பாடத்திட்டத்தில் அது இரண்டு மாதம், இரண்டு பிளாக். பின்னால் வந்த பேட்ச்களுக்குச் சுருங்கிவிட்டது. உங்கள் பேட்ச்சுக்கு எத்தனை நாள், வெளி நிறுவனத்தில் செய்ய கல்லூரி அனுமதிக்குமா என்பதை அகாடமிக் செக்‌ஷனில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. வருகைப்பதிவும் லாக் புக்கும் அதோடு கட்டப்பட்டவை.

அடுத்தது, ஃபைனல் ரிசல்ட்டுக்கும் சி.ஆர்.ஆர்.ஐ (ஹவுஸ் சர்ஜன் எனப்படும் ஒரு வருடக் கட்டாய இன்டர்ன்ஷிப்) தொடக்கத்துக்கும் இடையில் வரும் சந்து. அந்த நேரத்தில் உங்களிடம் எல்லாப் பாடமும் முடித்த தெம்பு இருக்கும், மாணவர் என்ற தகுதியும் பல இடங்களில் செல்லும். ஆனால் சந்து சிறியது, தேதி கடைசி நேரம்வரை உறுதியாகாது.

சி.ஆர்.ஆர்.ஐ நடுவில் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விடுப்பு மிகக் குறைவு. அதை மிஞ்சிய நாளெல்லாம் நீட்டிப்பாகத் திரும்பி வரும். முதுநிலைப் படிப்புக்கான நீட் பி.ஜி எழுத இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டிய கடைசித் தேதி ஒன்று ஒவ்வொரு வருடமும் அறிவிக்கிறார்கள். சில நாள் நீட்டிப்பால் அந்தத் தேதியைத் தாண்டினால் ஒரு வருடமே போச்சு. அமெரிக்கப் பல்கலைகளில் சில நம் ஹவுஸ் சர்ஜன் வருடத்தைக் கடைசி ஆண்டுப் படிப்பாக எடுத்துக்கொள்கின்றன, சில எடுத்துக்கொள்வதில்லை. பட்டம் இன்னும் தரப்படவில்லை என்று டீன் கடிதத்தில் ஒரு வரி இருந்தால் வேலை சுலபம்.

எது உங்கள் நேரமோ அதிலிருந்து ஒன்றரை வருடம் பின்னால் எண்ணுங்கள். அன்றைக்குத் தொடங்க வேண்டியவை பாஸ்போர்ட்டும் தடுப்பூசியும். ஒரு வருடம் இருக்கும்போது இடங்களின் பட்டியல். ஒன்பதிலிருந்து ஆறு மாதம் இருக்கும்போது விண்ணப்பம். ஏற்புக் கடிதம் வந்த அன்றே விசா.

மூன்றாம் படி: எந்த நாடு?

அமெரிக்காவில் நுழைய இரண்டு வாசல். ஒன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் (ஏ.ஏ.எம்.சி) நடத்தும் வி.எஸ்.எல்.ஓ என்ற எலக்டிவ் விண்ணப்பத் தளம். இதில் விண்ணப்பிக்க உங்கள் கல்லூரியும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். நம் பக்கத்து அரசுக் கல்லூரி மாணவர் பலருக்கு இந்த வாசல் அங்கேயே அடைபடுகிறது. அப்படியானால் சர்வதேச மாணவர்களை நேரடியாக எடுக்கும் பல்கலைகளின் பக்கங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சில இடங்கள் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இயின் முதல் கட்டம், ஸ்டெப் ஒன், தேறியிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அது 2022 ஜனவரியிலிருந்து பாஸ், ஃபெயில் மட்டும்தான், மார்க் கிடையாது. டோஃபல் ஆங்கிலத் தேர்வு கேட்கும் இடங்களும் உண்டு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அவர்களுடைய சொந்தக் கடைசி ஆண்டு மாணவர்களே ஊர் ஊராக ரொட்டேஷன் போய்க்கொண்டிருப்பார்கள், அப்போது வெளி ஆளுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். குளிர்காலமும் வசந்தமும் கொஞ்சம் தளர்வு.

பிரிட்டனில் பல்கலை மருத்துவப் பள்ளிகள் எலக்டிவ் மாணவர்களை எடுக்கின்றன. விசிட்டர் விசாவிலேயே போகலாம். ஆனால் சம்பளம் கூடாது, நோயாளிக்குச் சிகிச்சை செய்யக் கூடாது என்பது விதி. அங்கே ‘கை வைக்கும்’ ஆசையைக் கொஞ்சம் அடக்கித்தான் வைக்க வேண்டும்.

வீட்டில் பெரிய பண வசதி இல்லாதவர்களுக்கு என் முதல் சிபாரிசு ஐ.எஃப்.எம்.எஸ்.ஏ. 1951-ல் தொடங்கிய மருத்துவ மாணவர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு இது. இந்தியாவில் இதன் உறுப்பு எம்.எஸ்.ஏ.ஐ. நான்கு வாரக் கிளினிக்கல் பரிமாற்றத்துக்கு ஸ்கோப், ஆராய்ச்சிக்கு ஸ்கோர் என்று இரண்டு பிரிவு. போகிற இடத்தில் தங்குமிடமும் ஒரு வேளைச் சாப்பாடாவது அங்கிருக்கும் மாணவர் சங்கமே பார்த்துக்கொள்வது வழக்கம். இது கொடுக்கல் வாங்கல் கணக்கு: இங்கிருந்து ஒருவர் போனால் அங்கிருந்து ஒருவர் வருவார். வருபவரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவந்து, தங்க இடம் பார்த்து, தண்ணீர் கேனும் கொசுவலையும் ஏற்பாடு செய்து, யூனிட் சீஃபிடம் அறிமுகப்படுத்த ஆள் வேண்டும். அந்த வேலையை ஒரு வருடம் இழுத்துப் போட்டுச் செய்பவருக்குத் தன் முறை வரும்போது முன்னுரிமை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளில் வார்டு நோயாளிகள் ஆங்கிலம் பேச மாட்டார்கள். ஆபரேஷன் தியேட்டர் சார்ந்த துறைகளைக் கேட்டால் மொழித் தொந்தரவு குறையும்.

நம்மவர்கள் கண்ணில் படாத நாடு இலங்கை. கொழும்பு, பேராதனை மருத்துவ பீடங்கள் வெளிநாட்டு எலக்டிவ் மாணவர்களை ஏற்கின்றன. பாம்புக்கடியும் பூச்சிக்கொல்லி நஞ்சும் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருக்கும் கேஸ்கள். அதே விஷயத்தில் உலகம் திரும்பிப் பார்க்கும் ஆராய்ச்சி பேராதனையைச் சுற்றி நடந்திருக்கிறது. கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்து தற்கொலைச் சாவுகளைப் பெரிய அளவில் குறைத்த நாடு அது. டாக்ஸிகாலஜியிலோ (நஞ்சு மருத்துவம்) அவசர மருத்துவத்திலோ ஆர்வம் உள்ளவர் அமெரிக்காவில் போய்க் கண்ணாடிவிரியன் கடியைப் பார்க்கப் போவதில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் நோயாளியிடம் தமிழிலேயே பேசலாம் என்பது கூடுதல் வசதி. செலவும் ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அமெரிக்க ரெசிடென்சிக்குச் சிபாரிசு லெட்டர் வேண்டும் என்பவருக்கு இது உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண் மருத்துவம்தான் ஆசை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரை அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு உலகம் முழுக்க இருந்து பயிற்சிக்கு வருகிறார்கள். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. முதலில் அங்கே ஒரு போஸ்டிங் கேட்டுப் பாருங்கள். அங்கே வரும் வெளிநாட்டு டாக்டர்களோடு பழகுவதே பிறகு ஒரு கதவைத் திறக்கலாம்.

நான்காம் படி: மெதுவான காகிதங்கள்

*பெயர்.* நம் இனிஷியல் முறை வெளிநாட்டு ஃபாரங்களுக்குப் புரியாது. மார்க் ஷீட்டில் ‘முத்துக்குமார் கே’, பாஸ்போர்ட்டில் கிவன் நேம் முத்துக்குமார், சர்நேம் காலி. இப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் முத்துக்குமார் என்பது சர்நேம் ஆகிவிடும். கிவன் நேம் இடத்தில் எஃப்.என்.யு என்று விழும், அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று. அங்கே மருத்துவமனை பேட்ஜ், கம்ப்யூட்டர் லாகின், தங்குமிட ரசீது எல்லாவற்றிலும் உங்களை ‘எஃப்னு’ என்று கூப்பிடுவார்கள். சிரிப்பாக இருக்கும், பேட்ஜ் வரத் தாமதமாகும்போது சிரிப்பு வராது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

முதல் தடவை விண்ணப்பிப்பவர் தன் பெயரைக் கிவன் நேமிலும் அப்பா பெயரை முழுதாகச் சர்நேமிலும் போடுங்கள். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் ரீ-இஷ்யூ போட்டுத் திருத்திக்கொள்ளலாம், அதற்கும் நேரம் வேண்டும். மார்க் ஷீட்டை மாற்ற முயல வேண்டாம், அது முடிகிற காரியமில்லை. டீன் கடிதத்தில் ‘மார்க் ஷீட்டில் இப்படி, பாஸ்போர்ட்டில் இப்படி, இருவரும் ஒரே நபர்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது போதும். பிறகு வி.எஸ்.எல்.ஓவோ யு.எஸ்.எம்.எல்.இயோ, எங்கே பதிவு செய்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் போடுங்கள்.

பாரதி உலா வீதி பாஸ்போர்ட் ஆபீஸ் வேலை இப்போதெல்லாம் வேகமாகவே நடக்கிறது. சிக்கல் போலீஸ் விசாரணையில்தான். ஹாஸ்டல் முகவரி போட்டுவிட்டு விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டால், விசாரிக்க வருபவர் ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். எந்த முகவரியில் ஆள் இருக்கிறீர்களோ அதைப் போடுங்கள்.

*தடுப்பூசி.* இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். பெரும்பாலான இடங்கள் கேட்பவை: எம்.எம்.ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா) இரண்டு டோஸ், சின்னம்மை இரண்டு டோஸ் அல்லது எதிர்ப்புச் சக்தி இருப்பதற்கான ரத்தப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸ், டி-டாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்), அந்த வருடத்து ஃப்ளூ ஊசி, டி.பி பரிசோதனை.

ஹெபடைட்டிஸ் பி அட்டவணை 0, 1, 6 மாதம். மூன்றாவது ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டி-எச்.பி.எஸ் என்ற எதிர்ப்புச் சக்தி அளவு பார்க்க வேண்டும், மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வராவிட்டால் இன்னொரு சுற்று ஊசி. கணக்குப் போட்டுப் பாருங்கள், இது ஒன்றுக்கே ஒரு வருடம் போய்விடும்.

எம்.எம்.ஆரில் ஒரு மறைவான பள்ளம் இருக்கிறது. அரசு தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும், 2017-க்குப் பிறகு ருபெல்லாவுக்கும் ஊசி உண்டு. பொன்னுக்குவீங்கிக்கு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்ட பிள்ளையாக இருந்தாலும் எம்.எம்.ஆர் இரண்டு டோஸ் 28 நாள் இடைவெளியில் இப்போது போட வேண்டியிருக்கலாம்.

சின்னம்மைக்கு நம் வீடுகளில் டாக்டரிடம் போவது குறைவு. வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்திருப்பார்கள். அம்மாவைக் கேட்டால் எந்த வருடம், எந்தத் திருவிழாவுக்கு முன்னால் என்பதுவரை சொல்வார்கள், காகிதம் இருக்காது. சின்னம்மை எதிர்ப்புச் சக்திக்கான ரத்தப் பரிசோதனை, வாரிசெல்லா ஐ.ஜி.ஜி, பார்த்துவிடுங்கள். பாசிட்டிவ் என்றால் ஊசியே வேண்டாம்.

டி.பி பரிசோதனைக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூவைவிட ரத்தத்தில் பார்க்கும் ஐ.ஜி.ஆர்.ஏ மேல். நாமெல்லாம் பி.சி.ஜி போட்டவர்கள், அதனால் மாண்டூ வீங்கிவிடலாம். ஐ.ஜி.ஆர்.ஏவை பி.சி.ஜி பாதிக்காது. எம்.எம்.ஆர், சின்னம்மை இரண்டும் உயிருள்ள தடுப்பூசிகள் என்பதால் டி.பி பரிசோதனையை அதே நாளில் செய்யுங்கள், அல்லது நான்கு வாரம் கழித்து. நடுவில் செய்தால் முடிவு தவறாக நெகட்டிவ் வரலாம். மெடிசின் வார்டிலும் தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையிலும் போஸ்டிங் முடித்தவர்களுக்கு ஐ.ஜி.ஆர்.ஏ பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம். நெஞ்சு எக்ஸ்-ரே எடுத்து, நோய் இல்லை என்று நெஞ்சக மருத்துவரிடம் கடிதம் வாங்கினால் பெரும்பாலான இடங்கள் ஏற்கின்றன. உங்களுக்கும் அது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

*கல்லூரிக் காகிதம்.* போனஃபைட், நன்னடத்தைக் கடிதம், என்.ஓ.சி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), டிரான்ஸ்கிரிப்ட், இரண்டு சிபாரிசுக் கடிதம். டிரான்ஸ்கிரிப்ட் சென்னை கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டுமா, கல்லூரியே தந்தால் போதுமா என்று போகிற இடத்தில் முதலிலேயே கேளுங்கள். கல்லூரியே தரலாம் என்றால் உங்களுக்கு மாதக்கணக்கில் மிச்சம்.

டீன் ஆபீஸில் ஒரு கடிதம் கேட்கும்போது வெறும் வேண்டுகோளோடு போகாதீர்கள். கடிதத்தின் வரைவை நீங்களே டைப் செய்து, பென் டிரைவிலும் அச்சிலும் எடுத்துப் போங்கள். துறைத் தலைவர் கையெழுத்து, வைஸ் பிரின்சிபல் கையெழுத்து, பிறகுதான் டீன். ‘அண்ணே, ஃபைல் எங்க நிக்குது’ என்று செக்‌ஷனில் மரியாதையாக, அடிக்கடி கேளுங்கள். கோபித்துக்கொண்டு போனால் ஃபைல் அடியில் போய்விடும். அசல் இரண்டு பிரதி வாங்குங்கள், முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் எந்தக் கடைசித் தேதியையும் நம்பி இருக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் வழியாகக் கல்லூரிக்குள் நுழைவதே பெரும்பாடு, கையெழுத்தை யார் தேடுவது.

ஐந்தாம் படி: மெயில் எழுதுவது

விண்ணப்பத் தளம் இருந்தால் அதன் வழியாகவே போங்கள். இல்லாத இடத்துக்கு எலக்டிவ் ஒருங்கிணைப்பாளருக்கு மெயில். பேராசிரியர்கள் நாற்பது பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடுவதில் பயன் இல்லை, ஆரம்பத்தில் பெயர் மாறிப்போன மெயில்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஹம்ப்லி பெக் டு ஸ்டேட்’ என்ற நம் லீவ் லெட்டர் நடையை விட்டுவிடுங்கள். நான்கு விஷயம் போதும். நீங்கள் யார், எந்த ஆண்டு. எந்தத் துறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. ஏன் அந்த இடம், அந்த இரண்டு வரி. உங்கள் கல்லூரி அனுமதி, தடுப்பூசி ஆவணங்கள், காப்பீடு தயாராக இருக்கின்றன என்ற தகவல். ஒரு பக்க சி.வி இணைப்பு. சி.ஆர்.ஆர்.ஐ, பார்ட் டூ என்றெல்லாம் விளக்கமில்லாமல் எழுதினால் அவர்களுக்கு விளங்காது. மெயில் முகவரியில் உங்கள் பெயர் மட்டும் இருக்கட்டும், தளபதி ரசிகர் அடையாளம் வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு வரி நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் அடுத்த இடம்.

பழைய மாணவர்களை மறக்காதீர்கள். 1954-ல் தொடங்கிய கல்லூரி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சீனியர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் நேரடியாக ‘ஒரு இடம் வாங்கிக் கொடுங்கள்’ என்று கேட்டால் நெளிவார்கள். ‘உங்க ஆஸ்பத்திரியில வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ எடுக்குறாங்களா சார், யார்ட்ட கேக்கணும்?’ என்று கேளுங்கள். முடிந்தால் மீதியை அவர்களே செய்வார்கள்.

ஏஜெண்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘யு.எஸ் கிளினிக்கல் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற பெயரில் ஏதோ ஒரு தனியார் கிளினிக்கில் நான்கு வாரம் உட்கார வைத்துப் பெரும் தொகை வாங்குகிறார்கள். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி: எந்த மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வரும், மால்பிராக்டிஸ் காப்பீடு (சிகிச்சைத் தவறுக்கான காப்பீடு) யார் பெயரில், விசாவுக்கான அழைப்புக் கடிதம் யார் தருவார்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தியப் பட்டம் அமெரிக்காவில் செல்லாமல் போய்விடும், நாங்கள்தான் வழி என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. என்.எம்.சிக்கு 2023 செப்டம்பரில் உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் (டபிள்யூ.எஃப்.எம்.இ) அங்கீகாரம் 10 ஆண்டுக்குக் கிடைத்தது. அந்தப் பயம் தேவையில்லை.

ஆறாம் படி: பணம்

விண்ணப்பக் கட்டணம், நான்கு வாரக் கட்டணம், விசா, விமானம், தங்குமிடம், மருத்துவக் காப்பீடு, மால்பிராக்டிஸ் காப்பீடு, தடுப்பூசியும் ரத்தப் பரிசோதனையும், கூரியர், சென்னைப் பயணம். ஒரு ஷீட்டில் வரிசையாகப் போட்டு, கூட்டிய தொகையோடு கால் பங்கு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சில பெரிய பெயர்கள் நான்கு வாரத்துக்கே ஆயிரக்கணக்கான டாலர் வாங்குகின்றன. தங்குமிடம் அதைவிடக் கடிக்கும். சொந்தக்காரர் வீடு இருக்கிற ஊரைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நகையை அடகு வைத்து அமெரிக்க எலக்டிவ் போகலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். ரெசிடென்சிக்குப் போவது உறுதி, ஸ்டெப் ஒன் முடித்தாயிற்று என்றால் யோசிக்கலாம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றால் வேண்டாம், ஐ.எஃப்.எம்.எஸ்.ஏவிலோ இலங்கையிலோ அதே அனுபவத்தில் பெரும்பங்கு கிடைக்கும்.

ஏழாம் படி: விசா

அமெரிக்காவுக்கு பி-1. வெளிநாட்டு மருத்துவ மாணவர் சம்பளமில்லாமல் மருத்துவப் பள்ளியின் மருத்துவமனையில் எலக்டிவ் செய்வது அந்த விசாவில் அனுமதிக்கப்பட்ட காரியம். விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூனிலிருந்து 185 டாலர், அதற்கு மேல் ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று கட்டும் அன்று பாருங்கள். டி.எஸ்-160 ஃபாரத்தில் எழுதியதும் கையில் உள்ள கடிதமும் வார்த்தைக்கு வார்த்தை ஒத்திருக்க வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிகாலை எழும்பூர், அங்கிருந்து அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் ஜெமினி மேம்பாலம் தூரமில்லை. ஆனால் ரயில் தாமதத்தை நம்பி இன்டர்வியூ வைக்காதீர்கள், முந்தைய நாளே போய்விடுங்கள்.

இன்டர்வியூ சில நிமிடம்தான். என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே, எத்தனை வாரம், யார் செலவு, திரும்பி வந்து என்ன. திரும்பி வர மாட்டீர்கள் என்ற சந்தேகம் வந்தால் 214-பி பிரிவில் மறுத்துவிடுவார்கள். ஃபைனல் தேர்வோ சி.ஆர்.ஆர்.ஐயோ இங்கே காத்திருக்கிறது என்று டீன் கடிதம் சொன்னால் அதுவே நல்ல பதில். ‘டூர் போறேன்னு சொல்லிரு’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பொய் சொன்னது பதிவானால் பிற்பாடு ரெசிடென்சி விசாவுக்கே வேட்டு.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பிரிட்டனுக்குப் பல்கலையின் ஏற்புக் கடிதத்தில் எலக்டிவ், சம்பளமில்லை, சிகிச்சை செய்ய மாட்டார் என்ற மூன்றும் இருக்கட்டும்.

எட்டாம் படி: போய் இறங்கிய பிறகு

முதல் இரண்டு நாள் பேட்ஜ், லாகின், ஓரியண்டேஷன் என்று ஓடிவிடும். முன்னதாகவே சில விஷயங்களைப் பழகிக்கொண்டு போங்கள். அமெரிக்காவில் பாராசிட்டமால் அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின். பிரிட்டனில் சுகர் மில்லிமோலில் பேசுவார்கள், 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். கிரியாட்டினின் மைக்ரோமோலில் வரும், 88.4-ஆல் வகுங்கள். ரவுண்ட்ஸ் நடுவில் இதற்காக ஃபோனை எடுத்துக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காது.

நோயாளி அறைக்குள் கதவைத் தட்டாமல் போகக் கூடாது. பெயரையும் மாணவர் என்பதையும் சொல்லி, பரிசோதிக்கலாமா என்று கேட்க வேண்டும். திரை போட வேண்டும். நம்மூர் வார்டில் ஒரே கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று பழகியவர்களுக்கு இது முதலில் நாடகம் மாதிரி இருக்கும், இரண்டு வாரத்தில் பழகிவிடும். எக்ஸ்-ரே, ரேஷ், அறுவைச் சிகிச்சை எதையும் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் குற்றம்தான். அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள், கல்லூரிக்கும் கடிதம் வரும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அட்டெண்டிங் (பொறுப்பு சீனியர் டாக்டர்) கேள்வி கேட்டால் நம் பழக்கம் தலையைக் குனிந்து நிற்பது. அங்கே அதை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொள்வார்கள். ‘தெரியவில்லை, படித்துவிட்டு நாளை சொல்கிறேன்’ என்று சொல்லி, மறுநாள் ஞாபகமாகச் சொன்னால் நல்ல பெயர்.

சிபாரிசுக் கடிதத்தை மூன்றாவது வாரத்தில் கேளுங்கள். கடைசி நாள் விருந்தில் கேட்டால் சரி என்பார்கள், ஆனால் எழுதும்போது உங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் நினைவுக்கு வராது. நீங்கள் பார்த்த முக்கியமான கேஸ்கள், செய்த ப்ரசன்டேஷன், சி.வி எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ரெசிடென்சிக்கு என்றால் அந்தக் கடிதத்தை அவரே ரெசிடென்சி விண்ணப்பத் தளமான ஈராஸில் ஏற்ற வேண்டும், அந்த விண்ணப்பங்கள் செப்டம்பரில் போகும். ஏற்றிவிட்டாரா என்று ஒரு முறை மெயிலில் விசாரிப்பதில் தவறில்லை.

திரும்பி வந்ததும்

கிளம்பும் முன்பே மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும், தேதிகள் போட்ட முடிப்புச் சான்றிதழும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். பிறகு அனுப்புகிறோம் என்பதை நம்பி விமானம் ஏற வேண்டாம். மதுரை வந்த வாரத்திலேயே லாக் புக்கோடு சேர்த்து அகாடமிக் செக்‌ஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். எலக்டிவுக்கும் வருகைக் கணக்கு தனியாக உண்டு, தியரிக்கு 75 சதவீதம், கிளினிக்கலுக்கு 80 சதவீதம் என்ற கணக்கும் அப்படியே நிற்கும். போன நாட்களுக்கு எந்தப் பதிவேட்டில் என்ன குறித்திருக்கிறார்கள் என்பதை அன்றே பார்த்துவிடுங்கள். ஆப்சென்ட் என்று இருந்தால் என்.ஓ.சி நகலைக் காட்டித் துறையிலேயே திருத்திக்கொள்ளலாம், ஃபைனல் ஹால் டிக்கெட் பட்டியல் போன பிறகு என்றால் கிண்டிக்கு அலைய வேண்டிவரும்.